கூடங்குளத்து எலக்ட்ரான் நம் வீட்டுக்கு வருவதில்லை

திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூர், பணகுடி பக்கம் டீக்கடையில் கரண்ட் பேச்சு வந்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "அண்ணாச்சி, நமக்கு வர்றது காத்தாடி கரண்டா, கூடங்குளம் கரண்டா?" அணு உலையில் இருந்து வருகிற கரண்டில் கதிர்வீச்சும் கலந்து வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே தப்பு. எலக்ட்ரான் ஒரு சின்னக் கோலிக்குண்டு, அது மின்நிலையத்தில் பிறந்து, கம்பி வழியாக உருண்டு வந்து, நம் வீட்டு ஃபேனைச் சுற்றிவிட்டுத் தீர்ந்துபோகிறது என்று மனசுக்குள் ஒரு படம் ஓடுகிறது. பிளஸ் டூ விடைத்தாள் முதல் வயர்மேன் சொல்லும் அறிவுரை வரை, மின்சாரம், காந்தம் பற்றிய தவறுகளில் பெரும்பங்கு இந்தப் படத்தில் இருந்துதான் கிளம்புகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் சுமார் 8.5 × 10²² கட்டற்ற எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இவ்வளவு கூட்டம் இருப்பதால், மின்னோட்டத்துக்கு ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர்ந்தாலே போதும். வீட்டில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் நேர்மின்னோட்டம் (டி.சி.) ஓடினால், எலக்ட்ரானின் இழுப்புத் திசைவேகம், அதாவது அது ஒரே பக்கமாக நகரும் சராசரி வேகம், நொடிக்குக் கால் மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூடங்குளத்தில் இருந்து திருநெல்வேலிக்கு 80 கிலோமீட்டர் கம்பி என்று வைத்துக்கொண்டால், வந்து சேரப் பத்து ஆண்டுகள் பிடிக்கும்.

உண்மையில் அதுவும் நடப்பதில்லை. நமக்கு வருவது நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டம் (ஏ.சி.). எலக்ட்ரான் ஓரிரு மைக்ரோமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்துகொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட அந்த அசைவு இல்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலோ 11,000 வோல்ட் சுருளுக்கும் நம் வீட்டுப் பக்கத்துச் சுருளுக்கும் இடையே கம்பித் தொடர்பே கிடையாது. நடுவில் இருப்பது காந்தப்புலம் மட்டும். ஆக, உங்கள் ஃபேனில் ஆடிக்கொண்டிருக்கும் எலக்ட்ரான் ஃபேன் சுருளின் செம்பிலேயே இருந்தது. அது கூடங்குளத்தையும் பார்த்ததில்லை, 1944-இல் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையத்தையும் பார்த்ததில்லை.

அப்படியென்றால் சுவிட்சைத் தட்டியதும் லைட் எரிவது எப்படி? ஓடி வருவது ஆற்றல். கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலமும் காந்தப்புலமும் அதை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் கொண்டுவருகின்றன. பாய்ன்டிங் என்ற ஆங்கில இயற்பியலாளர் 1884-லேயே இதற்குக் கணக்கு எழுதிவிட்டார். காற்றாலை, அணு உலை, அணைக்கட்டு மூன்றும் செய்வது இந்தப் புலங்களை ஒரே தாளத்தில் ஆட்டிவிடுவதுதான். அந்த ஆட்டத்தில் எது யாருடையது என்று பிரிக்க வழியில்லை, கதிர்வீச்சு தொற்றிக்கொண்டு வரவும் வழியில்லை.

"கரண்ட் தீர்ந்துபோகிறது" என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஃபேஸ் கம்பியில் போன மின்னோட்டம் அவ்வளவும் நியூட்ரல் கம்பியில் திரும்பி வருகிறது. மீட்டர் எண்ணும் யூனிட் ஆற்றலின் அளவு, கிலோவாட் மணி. இதில் சந்தேகம் இருந்தால் பரீட்சையில் மார்க் குறையும், அவ்வளவுதான் என்று நினைக்க வேண்டாம். இதே குழப்பம் உயிரை வாங்கும் இடம் ஒன்று உண்டு.

"நியூட்ரலைத் தொட்டா ஒண்ணும் செய்யாது, டெஸ்டரே எரியாது பாரு" என்று சொல்லிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரணமாக நியூட்ரல் தரையின் மின்னழுத்தத்தை ஒட்டி இருப்பதால் டெஸ்டர் எரியாது, அது சரி. ஆனால் போஸ்ட்டிலோ மெயின் பலகையிலோ நியூட்ரல் ஒரு இடத்தில் விட்டுப்போனால், திரும்பிப் போக வழியில்லாத அந்தக் கம்பி வீட்டில் ஓடும் லைட், ஃபேன் வழியாக அப்படியே 230 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். தரையில் நிற்கும் ஆள் கை வைத்தால் அவர் உடம்பே வழியாகிவிடும். காத்தும் மழையுமாக அடித்து ஓய்ந்த மறுநாள் "பாதி வீட்டில் லைட் டிம்மா எரியுது, மீதியில் பளிச்சுனு எரியுது" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எம்.சி.பி. போட்டிருக்கிறேன், ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும் என்பது அடுத்த தவறு. 16 ஆம்பியர் எம்.சி.பி. வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கிறது. மனித உடம்புக்கு அதில் ஐநூறில் ஒரு பங்கே ஆபத்து. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கசிவு காட்டும் சுவிட்ச். அதற்குள் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்தின் நடுவே போகின்றன. போனதும் வந்ததும் சமமாக இருக்கும்வரை இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு யாருடைய உடம்பு வழியாகவோ தரைக்குப் போய்விட்டால், வளையத்தில் மிச்சப் புலம் எழுந்து சுவிட்சைத் தட்டிவிடுகிறது. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தால் அந்தக் கருவியும் ஏமாந்துபோகும். அதற்கு நீங்களும் ஒரு ஃபேன்தான்.

இழுப்புத் திசைவேகம் இவ்வளவு குறைவு என்று தெரிந்ததும், எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள் சோம்பிக் கிடப்பதாக நினைப்பது எதிர்ப்பக்கத்துத் தவறு. செம்பில் மேல்மட்ட ஆற்றலில் இருக்கும் எலக்ட்ரான்களின் வேகம் நொடிக்கு சுமார் 1,570 கிலோமீட்டர். எல்லாத் திசையிலும் அப்படி அலைவதால் நிகர நகர்வு தெரிவதில்லை. இதை "வெப்பத்தால்" என்று எழுதினால் விடை தப்பு. தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரிக்கு, குளிரவைத்தாலும் அந்த வேகம் குறையாது. ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக் கூடாது என்ற பவுலியின் விதி, கீழ்நிலைகள் நிரம்பியதும் மற்றவற்றை மேலே மேலே தள்ளிவிடுகிறது. சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மின்தடை எப்படி வருகிறது என்ற கேள்விக்கும் கோலிக்குண்டு விடைதான் வழக்கம்: எலக்ட்ரான் அணுக்களில் முட்டி மோதுகிறது. 1900-இல் இயற்பியலாளர் டுரூட் அப்படித்தான் தொடங்கினார், பாடப்புத்தகமும் அங்கேயே நின்றுவிட்டது. எலக்ட்ரான் அலையாகப் பரவுகிறது என்று வைத்து 1928-இல் பிளாக் கணக்குப் போட்டபோது, பிசகில்லாமல் அடுக்கிய படிகத்துக்குள் அது தடையே இல்லாமல் போகும் என்று தெரிந்தது. அடுக்கு கலையும் இடங்களிலும் அணுக்கள் சூட்டில் அதிரும்போதும்தான் அது சிதறுகிறது. அறை வெப்பநிலையில் செம்புக்குள் ஓர் எலக்ட்ரான் சிதறாமல் ஏறத்தாழ 40 நானோமீட்டர் போகிறது. வழியில் நூறு அணுக்களுக்கு மேல் கடந்திருக்கும். அணு ஒவ்வொன்றிலும் முட்டுவதாக இருந்தால் அது நடக்காது. இதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது, பூஜை அறைக் குத்துவிளக்கு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதன் தடை செம்பைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கூடுதலாக வந்தது முட்டுவதற்கான அணுக்கள் அல்ல, அடுக்கின் ஒழுங்கின்மை.

ஐ.டி.ஐ. படித்தவர்கள் பலர் "கரண்ட் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும்" என்பார்கள். அதிர்வெண்ணைச் சொல்லாமல் இதைச் சொல்லக் கூடாது. 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் அந்தத் 'தோல்' சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம். வீட்டு வயரின் விட்டமே ஒன்றரை மில்லிமீட்டருக்குள் என்பதால் முழுக் கம்பியிலும்தான் ஓடுகிறது. இதே விதியின் மறுமுனையைப் பார்க்க விஜயநாராயணம் போக வேண்டும். கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம் அங்கே 1990 முதல் இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப அங்கே பயன்படுத்துவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் ரேடியோ அலை. உப்புநீரும் கடத்திதானே. சாதாரண ரேடியோ அலை கடலின் மேல்தோலிலேயே அடங்கிவிடும். 18 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்த்தினால் அந்தத் தோல் இரண்டு மீட்டருக்கு அருகில் வருகிறது. அதைப் போலச் சில மடங்கு ஆழத்தில் இருப்பவருக்கும் மெல்லிய செய்தி கேட்கும்.

காந்தத்துக்கு வருவோம். பாத்திரக் கடைக்குச் சட்டைப்பையில் காந்தத்தோடு போகிறவர்கள் நம் ஊரில் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்பது அவர்கள் தீர்ப்பு. இரண்டு பக்கமும் இது ஏமாற்றும். எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருவேறா எஃகில் பல வகை உண்டு. 304 வகை எஃகில் ஏறத்தாழ 70 சதவீதம் இரும்பு இருந்தும் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த விலை குறைந்த 200 வரிசை எஃகிலும் ஒட்டாது. 430 வகையில் நன்றாக ஒட்டும், ஆனால் அதுவும் முறையான துருவேறா எஃகுதான். இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடியில் ஒட்டுகிற எஃகுதான் வேண்டும். 304 பாத்திரத்திலேயே விளிம்பை மடித்து நெளித்த இடத்தில் மட்டும் காந்தம் லேசாக ஒட்டும், ஏனென்றால் நெளிக்கும்போது அங்கே அணுக்களின் அடுக்கு மாறிவிடுகிறது.

அடுக்கு மாறினால் காந்தம் மாறும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. "இரும்பு இருந்தால் ஒட்டும்" என்ற விதி நம் கடற்கரையிலேயே உடைந்துபோகிறது. உவரிப் பக்கத்துக் கருமணலில் நிறைய இருக்கும் இல்மனைட்டில் இரும்பு உண்டு. சாதாரணக் காந்தத்துக்கு அது அவ்வளவாக அசையாது, பிரித்தெடுக்க மிக வலுவான காந்தங்கள் வேண்டும். துள்ளி வந்து ஒட்டும் மணி மேக்னடைட். குட்டம் தேரியின் செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கும் ஹேமடைட்டும் இரும்பு ஆக்சைடுதான். அதில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தங்கள் எதிரும் புதிருமாக நின்று ஏறத்தாழ ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன.

அணுக்கள் குட்டிக் காந்தங்கள், அவை தமக்குள் காந்த விசையால் இழுத்து வரிசையாக நிற்கின்றன என்று சொல்வதும் தவறு. அந்த விசை மிகச் சின்னது. அதை மட்டும் நம்பினால் தனிச்சுழிக்கு மேலே ஒரு கெல்வின் அளவிலேயே வரிசை கலைந்துவிடும். இரும்போ 770 டிகிரி செல்சியஸ் வரை வரிசையாக நிற்கிறது. நிறுத்துவது எலக்ட்ரான்களுக்கு இடையிலான மின் விலக்கம். பவுலியின் விதி காரணமாக, தற்சுழற்சி (ஸ்பின்) ஒரே பக்கமாக இருக்கும் எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று நெருங்குவதில்லை, அதனால் விலக்க ஆற்றல் மிச்சமாகிறது. இரும்பின் அடுக்கில் அந்த மிச்சம் லாபம். ஹைசன்பர்க் 1928-இல் சொன்ன விளக்கம் இது. அதற்கு முன்பே, பழைய இயற்பியலால் எந்தப் பொருளின் காந்தத்தன்மையையும் விளக்க முடியாது என்று 1911-இல் நீல்ஸ் போரும் 1919-இல் வான் லீவெனும் நிரூபித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து ஆணிக் காந்தமே குவாண்டம் பொருள்தான். நானோ, சூப்பர் கம்ப்யூட்டர் என்று தேடிப்போக வேண்டியதில்லை.

தற்சுழற்சி என்றதும் பம்பரத்தை நினைக்க வேண்டாம். 1925-இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் இந்தக் கருத்தைச் சொன்னபோதே லாரன்ட்ஸ் மறுத்துக் காட்டினார். அது நிஜமாகச் சுழலும் உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கும். கோண உந்தம் உண்டு, சுழலும் உருண்டை இல்லை.

770 டிகிரி கணக்கைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு தவறும் விழும். பூமிக்குள் பெரிய சட்டக் காந்தம் புதைந்திருப்பதாகப் புத்தகப் படம் காட்டும். உள்ளகத்தின் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி, அங்கே இரும்பு நிலைக் காந்தமாக இருக்க முடியாது. உருகிய இரும்பில் ஓடும் மின்னோட்டங்கள்தான் அந்தப் புலத்துக்குக் காரணம். காந்த ஊசி கிடையாகப் படுத்து நிற்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. நம் வட்டாரம் அதை ஒட்டி இருக்கிறது. லண்டனில் காந்த ஊசியின் சரிவு சுமார் 66 பாகை, இங்கே ஊசி ஏறத்தாழ படுத்தே நிற்கும். வடக்கு நாடுகளுக்கென்று சமன்செய்த காம்பஸை இங்கே கொண்டுவந்தால் தென்முனை தாழ்ந்து தட்டில் உரசும். அது பழுதில்லை.

"மின்சாரம் ஓடக் கம்பி வேண்டும்" என்பவர்களுக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பகலில் நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்குச் சற்று உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில், மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனிமண்டலத்தில் பல பத்தாயிரம் ஆம்பியர் கிழக்கு நோக்கி ஓடுகிறது. திருநெல்வேலி பக்கத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது இதை அளக்கத்தான். 1963-இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் இருந்து ராக்கெட் ஏவியதற்கும் காரணம் இதே காந்த நடுக்கோடு.

கடைசியாக சோலார். கங்கைகொண்டானில் சோலார் செல் ஆலை வந்துவிட்டது, மாடிகளிலும் பலகைகள் பெருகுகின்றன. "நம்ம ஊர் வெயிலுக்குச் சூடு ஏற ஏற கரண்ட் கூடும்" என்று நினைத்து வாங்கினால் கணக்கு உதைக்கும். பலகைக்கு வேண்டியது ஒளி. சிலிக்கானில் எலக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்க ஒளித்துகளுக்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்த அகச்சிவப்பு எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை, பலகை சூடாவது மட்டும்தான் மிச்சம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறனில் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை மதியத்தில் பலகை 65 டிகிரியைத் தொட்டால், பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டில் 12 முதல் 16 சதவீதத்தை மறந்துவிட வேண்டியதுதான். மொட்டைமாடித் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்று ஓட ஒரு சாணுக்குக் குறையாமல் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள்.