ஊருக்கு காத்தாடி வருதா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

நம்ம திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடி, அதாவது காற்றாலை, போடப் போறாங்கன்னா கம்பெனிக்காரருக்கு முன்னாடி புரோக்கர் வந்துருவாரு, டீக்கடையில வச்சே அட்வான்ஸ நீட்டுவாரு. உடனே வாங்கிராதீங்க. எந்த கம்பெனி, மொத்தம் எத்தன காத்தாடி, எந்தெந்த சர்வே நம்பர்னு எழுத்துல கேளுங்க.

பட்டா, வில்லங்கச் சான்றிதழோட புலப்படத்தையும் (நெலத்தோட எல்லை, அளவு காட்டுற சர்வே படம்) எடுத்து வச்சுக்கோங்க, காத்தாடி நிக்கிற இடம் கொஞ்சந்தான், ஆனா அந்த நீள றெக்கைய ஏத்திட்டு வர்ற டிரெய்லர் திரும்ப ரோடு வேணும், கிரேன் நிக்க மேடு வேணும், அந்த ரோடு எந்த வண்டிப்பாதைய முழுங்குது, எந்த ஓடைய மறிக்குதுன்னு புலப்படத்த விரிச்சாத்தான் தெரியும். ஓடையில சரள கொட்டி மூடிட்டா ஐப்பசி மழைத் தண்ணி குளத்துக்குப் போகாது, பக்கத்து புஞ்சையிலதான் நிக்கும். அதனால குறுக்க சிமெண்ட் குழாய் பதிச்சு பாலம் போட்டுத் தரணும்னு அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்குங்க.

கிரயமா குத்தகையான்னு கேட்டா நான் குத்தகைன்னுதான் சொல்வேன். கிரயப் பணம் ஒரு கல்யாணத்தோட காலி, குத்தகைன்னா வருஷா வருஷம் வரும், சுத்தி இருக்கற நெலத்துல உளுந்தோ சோளமோ போட்டுக்கலாம். வாடகை எப்பப்ப எவ்வளவு கூடும், 20, 25 வருஷம் ஓடி முடிஞ்சதும் யாரு கழட்டுவா, அடியில இருக்கற கான்கிரீட்ட யாரு தோண்டி எடுப்பான்னு எல்லாமே அக்ரிமெண்ட்ல இருக்கணும். வீட்டுலேர்ந்து 500 மீட்டர் தள்ளித்தான் வைக்கணும்னு மத்திய அரசோட 2016 வழிகாட்டுதல் சொல்லுது, டேப்பப் புடிச்சு அளந்துருங்க.

காத்தாடி வந்தா நம்ம வீட்டு கரண்ட் பில் கொறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கரண்ட் நேரா கிரிட்டுக்கு, அதாவது பொது மின்சாரக் கட்டமைப்புக்குத்தான் போகும். வேலையும் கட்டுறப்போதான் நெறைய, அப்புறம் வாட்ச்மேன், டெக்னீசியன்னு சில பேருதான், அதுல நம்ம ஊரு ஐடிஐ பசங்களுக்கு இடம் கேளுங்க.

ஊருக்கே வருமானம் வேணும்னா ஓடந்துறை பஞ்சாயத்த பாருங்க. மேட்டுப்பாளையம் பக்கத்துல இருக்கற ஊரு, 2006ல சேமிப்புப் பணத்தோட பேங்க் லோனையும் சேத்து சுமார் 1.55 கோடிக்கு 350 கிலோவாட் காத்தாடி சொந்தமா வாங்குனாங்க, அதயும் ஊருக்குள்ள வைக்கல, காத்து நல்லா அடிக்கிற உடுமலைப்பேட்டை பக்கம் கொண்டுபோய் நட்டாங்க. பஞ்சாயத்து தேவை போக மிச்ச கரண்ட மின்வாரியத்துக்கே வித்தாங்க, கடனும் அடைஞ்சிருச்சு. எல்லா ஊருக்கும் அவ்வளவு தெம்பு இருக்காது, சரி, ஆனா கம்பெனி செஞ்சு தர்றதா சொன்ன ரோடு, குடிதண்ணி டேங்க், பள்ளிக்கூட கட்டடம் எல்லாத்தையும் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மாதிரி கிராம சபை நடக்கறப்போ தீர்மானமா போட்டு, எந்த மாசத்துக்குள்ளன்னும் எழுதி, நகல கையோட வாங்கிருங்க.