சுண்டெலி விந்தகத்தில் ரசாயனமும் கதிர்வீச்சும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரசாயனமோ கதிர்வீச்சோ சுண்டெலி விந்தகத்துச் செல்களின் மரபணுவைக் கெடுக்கிறதா என்று சோதிப்பவர்கள், என்ன ரசாயனம், எவ்வளவு டோஸ் என்று மட்டும் பார்த்து முடிவு எழுதிவிடுகிறார்கள். எந்தச் செல், எந்தக் கட்டத்தில் பாதிக்கப்பட்டது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

சுண்டெலி விந்தகத்தில் ஸ்டெம் செல் (விந்தணுக்களைத் தொடர்ந்து உண்டாக்கும் மூலச் செல்) விந்தணுவாக மாற ஏறத்தாழ 35 நாள் ஆகிறது. எலிக்கு 50 நாளுக்கு மேல். ஆகவே ஊசி போட்ட எத்தனையாவது நாளில் ஆணைப் பெண்ணோடு சேர்த்தோம் என்பதை வைத்துத்தான் எந்தக் கட்டத்துச் செல்லைச் சோதிக்கிறோம் என்று சொல்ல முடியும். எம்எம்எஸ் என்னும் மெத்தில் மீத்தேன்சல்ஃபோனேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரச் சேர்க்கையில் உண்டாகும் கருக்கள் நிறைய அழிகின்றன. ஆறாவது வாரத்தில் சேர்த்துப் பார்ப்பவருக்கோ அது சாதுவான ரசாயனமாகத் தெரியும். ஈஎன்யூ என்னும் எத்தில்நைட்ரோசோயூரியா இதற்கு நேர்மாறு: ஸ்டெம் செல்லிலேயே சடுதி மாற்றத்தை, அதாவது மரபணுவில் நிலைத்துவிடும் மாற்றத்தைப் பதிக்கிறது. அது அந்த ஆண் விலங்கின் ஆயுள் முழுக்க விந்தணுக்களில் வந்துகொண்டே இருக்கும்.

கரு இழப்பைக் கணக்கிட, பிறந்த குட்டிகளை எண்ணிவிட்டு நிறுத்துவதும் தவறு. கருப்பையில் பதிந்து தொடக்கத்திலேயே இறந்த கரு அங்கேயே கரைந்துவிடும். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் கருப்பையைத் திறந்து, உயிருள்ள கருக்களையும் இறந்தவற்றின் சிறு கரும்புள்ளிகளையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

மலட்டுத்தன்மையைச் சடுதி மாற்றமாக எண்ணிக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கதிர்வீச்சில் முதலில் சாவது வேகமாகப் பிரியும் இளம் செல்கள். முன்பே உருவான விந்தணுக்கள் இருப்பதால் சில வாரம் குட்டி பிறக்கும், பிறகு நின்றுபோகும், பிறகு திரும்பவும் பிறக்கும். குட்டி பிறக்கத் தொடங்கியதும் மரபணு சுத்தமாகிவிட்டதென்று யாரும் நினைக்க வேண்டாம். ஈஎன்யூ கொடுத்த ஆண்களும் நீண்ட மலட்டுக் காலம் கழிந்த பின்தான் சடுதி மாற்றமுள்ள குட்டிகளைத் தருகின்றன.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸலும் லியான் ரஸ்ஸலும் ஏழு ஒடுங்கு பண்புகள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிபவை) கொண்ட சோதனைச் சுண்டெலிகளோடு கதிர்வீச்சு பெற்றவற்றை இணை சேர்த்தார்கள். குட்டியின் காது குட்டையாக இருந்தாலோ ரோமத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ புதிய சடுதி மாற்றம் என்று பொருள். அப்படி லட்சக்கணக்கான குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த உழைப்பு அது. 1958இல் அவர்கள் காட்டியது: மொத்த டோஸ் ஒன்றாக இருந்தாலும், மெதுவாகக் கொடுத்தால் விந்தகத்தின் இளம் செல்களில் சடுதி மாற்றம் வெகுவாகக் குறைகிறது. முதிர்ந்த விந்தணுவில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே டோஸ் விகிதத்தை, அதாவது எவ்வளவு வேகமாகக் கொடுத்தார்கள் என்பதைக் குறிப்பிடாத முடிவை ஒப்பிடவே கூடாது.

பெண் சுண்டெலியின் கணக்கு வேறு. கதிர்வீச்சுக்கு ஏழு வாரம் கழித்து உண்டான குட்டிகளில் சடுதி மாற்றம் தென்படவில்லை. இதை மனிதப் பெண்களுக்கு அப்படியே பொருத்திவிடுவது ஆபத்து: சுண்டெலியின் முதிராத முட்டைச் செல்கள் மிகச் சிறிய டோஸிலேயே செத்துவிடும், மனிதப் பெண்ணின் முட்டைச் செல்கள் அதைவிடப் பல மடங்கு தாங்கும்.