முன்பணம் கட்டும் முன்: கல்லூரி உதவித்தொகை தேடும் வழி

பிளஸ் டூ தேர்வு முடிந்த மறுவாரமே ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களுக்குத் தனியார் கல்லூரிகளின் ஆட்கள் வரத் தொடங்கிவிடுகிறார்கள். மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறோம், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள் என்று சொல்லி ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறார்கள். பிள்ளை எந்த வழியாகக் கல்லூரிக்குள் நுழைகிறாரோ, அதைப் பொறுத்தே பெரும்பாலான அரசு உதவிகள் கிடைக்கவோ கைநழுவவோ செய்கின்றன என்பதைப் பெற்றோர் அதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்வோம். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாத நிலையில் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் அரசு தரும் இந்தச் சலுகை, அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவில், கல்லூரியே நேரடியாகச் சேர்க்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் சலுகை இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அப்படித்தான். 2021 முதல் பொறியியலுக்கும் விரிவாக்கப்பட்ட அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. இதைவிடப் பெரிய சலுகையை எந்தத் தனியார் கல்லூரியும் தந்து நான் பார்த்ததில்லை.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவரின் மகள், அரசுப் பள்ளியிலேயே படித்தவர், தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஒரு கல்லூரியில் பத்தாயிரம் ரூபாய் முன்பணத்தையும் அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் நெருங்கும்போதுதான் அவர் தந்தை என்னிடம் வந்தார். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று, தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி இருப்பதை எழுத்தில் சுட்டிக்காட்டிய பிறகே அவை கைக்கு வந்தன. இந்த அலைச்சல் வேறு எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கே விண்ணப்பித்தாலும் நகல்களை மட்டும் கொடுங்கள். கலந்தாய்வு முடியும் வரை பணம் கட்டாதீர்கள்.

தனியார் கல்லூரி தரும் மதிப்பெண் உதவித்தொகையை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது முதலாண்டுக்கு மட்டுமா, நான்கு ஆண்டுகளுக்குமா. ஆண்டுதோறும் எத்தனை மதிப்பெண் எடுத்தால் தொடரும். ஒரு தாள் நிலுவையில் விழுந்தால் நின்றுவிடுமா. கல்விக் கட்டணத்தில் மட்டும் கழிவா, பேருந்துக்கும் விடுதிக்கும் சேர்த்தா என்ற கேள்விகளுக்குக் கல்லூரியின் முத்திரையிட்ட தாளில் பதில் வாங்க வேண்டும். பிறகு அந்த நான்காண்டுக் கணக்கை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி, சித்தோட்டில் உள்ள அரசு பொறியியல் கல்லூரி போன்றவற்றின் கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். தள்ளுபடி போக மிஞ்சும் தொகையே பல வேளைகளில் அரசுக் கல்லூரியின் மொத்தக் கட்டணத்தைத் தாண்டி நிற்கும்.

எந்த வழியில் போனாலும் சான்றிதழ்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணையைக் கடந்து வட்டாட்சியர் அலுவலகம் போய்ச் சேரும். மே, ஜூன் மாதங்களில் அங்கே விண்ணப்பங்கள் குவிந்துவிடுவதால் தேர்வு முடிந்த கையோடு பதிவு செய்வது நல்லது. தறிக் கூலிக்கும் தோட்டத்து வருமானத்துக்கும் சம்பளச் சீட்டு கிடையாது என்பதால், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் கிராம நிர்வாக அலுவலரை நேரில் கண்டு, உள்ளபடி வருமானத்தைச் சொல்லுங்கள். வருமான வரம்பு திட்டத்துக்குத் திட்டம் மாறும். பட்டியலினத்தவர் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்குப் பெறும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம், மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு 4.5 லட்சம், தொழில்நுட்பக் கல்வி பயிலும் மாணவியருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி திட்டத்துக்கு 8 லட்சம் என்று வெவ்வேறாக உள்ளது. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை பிளஸ் டூவில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வருவோருக்கானது. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவருக்கு அது கிடைக்காது. ஆகவே எது தொகையில் பெரிது என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆகியவற்றில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்கள் உள்ளன: 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் மாணவியருக்கு, 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் மாணவர்களுக்கு. புதுமைப் பெண் தொகையை வேறு உதவித்தொகையோடு சேர்த்தும் பெறலாம்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போதாவிட்டால் கல்விக் கடனைப் பாருங்கள். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் இல்லாமலேயே கிடைக்கும். வங்கிக்குப் போகும் அன்றே மாணவரின் பெயரில் உள்ள கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இரண்டு கணக்குகள் இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே உதவித்தொகை போகும். பள்ளியில் தொடங்கிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத கணக்கில் அது விழுந்தால் எடுப்பது பெரும் சிரமம். மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒன்றுபோல் உள்ளனவா என்று அப்போதே ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.