10 மெகாஹெர்ட்ஸ் ஸ்டெபிலிட்டி அளக்கணுமா, முதல்ல இன்புட் சர்க்யூட்ட சரி பண்ணுங்க

ரெண்டு சிக்னலுக்கு நடுவுல உள்ள நேரத்த அளக்குற கவுண்டர்ல எத்தன டிஜிட் ஓடுதுன்னு பாத்து ஏமாறாதீங்க. 60 பிக்கோசெகண்ட் ரெசல்யூஷன் உள்ள கவுண்டரா இருந்தாலும், உள்ள வர்ற சைன் வேவ் எப்ப ஜீரோவ தாண்டுச்சுன்னு முடிவு பண்றது அதுக்கு முன்னாடி நிக்குற அந்த சின்ன சர்க்யூட்தான், அது தப்பா சொன்னா கவுண்டரும் அதே தப்பத்தான் அத்தன டிஜிட்டோட காட்டும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். நாய்ஸ் வோல்டேஜ ஸ்லூ ரேட்டால (வோல்டேஜ் மாறுற வேகம்) வகுத்தா ஜிட்டர், அதாவது ஜீரோவ தாண்டுற நேரத்துல வர்ற ஆட்டம். 10 மெகாஹெர்ட்ஸ், பீக் டு பீக் 1 வோல்ட்னா ஜீரோ கிராஸிங்ல ஸ்லூ ரேட் மைக்ரோசெகண்டுக்கு 31 வோல்ட், அதுல 1 மில்லிவோல்ட் நாய்ஸ் ஏறுனா 32 பிக்கோசெகண்ட் ஜிட்டர். அதுவே 1 செகண்ட் ஆலன் டீவியேஷன்ல (ஃப்ரீக்வென்சி எவ்வளவு ஆடுதுன்னு சொல்ற அளவு) கிட்டத்தட்ட 5.5 பெருக்கல் 10-இன் மைனஸ் 11 அடுக்குன்னு வந்து நிக்கும். நல்ல ஓசிஎக்ஸ்ஓ (சூட்ட ஒரே அளவுல வெச்சு ஓட்டுற கிரிஸ்டல் ஓசிலேட்டர்) 10-இன் மைனஸ் 12 அடுக்கு ரேஞ்சுல இருக்கும், அப்ப நீங்க அளக்குறது ஓசிலேட்டர இல்ல, உங்க சர்க்யூட்ட.

அதனால முதல் வேல, வர்ற சிக்னல வீணா குறைக்காதீங்க. சிக்னல் பவர் 13 டிபிஎம் வருதுன்னா 50 ஓம்ல பீக் 1.4 வோல்ட், ஸ்லூ ரேட் 89 ஆயிடும், அதே 1 மில்லிவோல்ட் நாய்ஸ் இப்ப 11 பிக்கோசெகண்ட்தான். பயந்துக்கிட்டு அட்டென்யுவேட்டர் போடுறவங்க நிறைய பேர், தேவையே இல்ல, கீழ சொல்ற சர்க்யூட்ல 5 வோல்ட்ல ஓடுற லாஜிக் கேட் இத தாங்கும்.

நான் போடுற சர்க்யூட் இது. கனெக்டர்லேந்து நேரா 1:1 ட்ரான்ஸ்ஃபார்மர், எஃப்டி37-43 டொராய்டுல ரெண்டு கம்பிய சேத்து முறுக்கி 10 சுத்து சுத்துனா போதும், ரெண்டு பக்க கிரவுண்டும் தனித்தனியா ஆயிடுறதால கேபிள் கிரவுண்ட் லூப்ல வர்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் பெருசா குறையும். செகண்டரில 50 ஓம் ரெசிஸ்டர், அப்புறம் 10 நானோஃபேரட் சிஓஜி கப்பாசிட்டர் (எக்ஸ்7ஆர் வேணாம், டெம்பரேச்சருக்கும் தட்டுனா வர்ற அதிர்வுக்கும் மாறும்), அதுலேந்து 74ஏசி04 லாஜிக் ஐசில ஒரு கேட். பயாஸுக்கு அவுட்புட்லேந்து இன்புட்டுக்கு 100 கே ரெசிஸ்டர், கேட் தன்னோட த்ரெஷோல்டுல தானா வந்து உக்காந்துக்கும். சிக்னல் கழட்டுனா அது பாட்டுக்கு ஆசிலேட் ஆகும், பயப்படாதீங்க.

ஷ்மிட் ட்ரிகர் 74ஏசி14 போட்டா சுத்தமா இருக்கும்னு பலர் சொல்லுவாங்க, இந்த வேலைக்கு நான் போட மாட்டேன். ஹிஸ்டரிசிஸ் (ஏறும்போது ஒரு வோல்டேஜ்லயும் இறங்கும்போது வேற வோல்டேஜ்லயும் மாறுறது) இருந்தா ஸ்விட்ச் ஆகுறது ஜீரோவுல இல்ல, தள்ளி. தள்ளி ட்ரிகர் ஆனா ஆம்பிளிட்யூட் மாறும்போதெல்லாம் நேரமும் மாறும். 1 வோல்ட் பீக் சிக்னல்ல 50 மில்லிவோல்ட் தள்ளியிருந்தா 0.8 நானோசெகண்ட், ஆம்பிளிட்யூட் 1 சதவீதம் ஆடுனா 8 பிக்கோசெகண்ட் நகரும்.

பவர் சப்ளைய சாதாரணமா விட்டுடாதீங்க. கேட்டோட த்ரெஷோல்ட் சப்ளையில பாதி, சப்ளையில 1 மில்லிவோல்ட் ஆடுனா த்ரெஷோல்ட் அரை மில்லிவோல்ட் ஆடும், அந்த 1 வோல்ட் பீக் சிக்னலுக்கு அதுவும் 8 பிக்கோசெகண்ட். எல்டி3045 மாதிரி லோ நாய்ஸ் ரெகுலேட்டர் போடுங்க, ஒவ்வொரு சானலுக்கும் தனித்தனியா. கேட் ஐசியும் தனித்தனி, ஒரே ஐசில ரெண்டு சானல கொண்டுபோனா ஒண்ணு இன்னொண்ண இழுக்கும், இத எத்தன தடவ சொன்னாலும் தகும். நம்ம கடலூர்ல கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுனா அந்த நாய்ஸ் ப்ளாட்ல அப்படியே தெரியும், அதனால 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரில ஓட்டுறேன், கால் ஆம்பியர் இழுக்குற ஓசிஎக்ஸ்ஓவையும் சேத்து ராத்திரி முழுக்க தாராளமா தாங்குது.

நாய்ஸ குறைக்க ஷார்ப் ஃபில்டர் போடலாம்னு தோணும். போட்டுப் பாத்தேன். பவுடர் அயர்ன் கோர்ல 10 க்யூ (ஃபில்டர் எவ்வளவு ஷார்ப்னு சொல்ற அளவு) உள்ள எல்சி ஃபில்டர், டிகிரிக்கு 60 பிபிஎம் ட்யூனிங் நகந்தாலே சுமார் 19 பிக்கோசெகண்ட் தள்ளிப்போகும். எங்க வீடு தேவனாம்பட்டினம் பக்கம், மத்தியானம் கடக்காத்து திரும்பி ரூம் குளிர ஆரம்பிச்சதும் ஃபேஸ் ப்ளாட் ஒரே பக்கமா சாயும், தினமும் அதே நேரத்துக்கு. ஃபில்டர எடுத்துட்டு போர்ட தெர்மோகோல் பெட்டிக்குள்ள வெச்சதும் நின்னுச்சு. நாய்ஸ் பேண்ட்விட்த் குறைக்கணும்னா க்யூ 1 தாண்டாம பாத்துக்குங்க.

இன்னொண்ணு, கடலோரத்துல இருக்குறவங்களுக்கு. உப்புக்காத்துல பிஎன்சி கனெக்டர் சீக்கிரம் பச்ச பூக்கும், காண்டாக்ட் விட்டு விட்டு பிடிச்சா ஃபேஸ் திடீர் திடீர்னு தாவும், நாலு நாள் ரன் அப்படியே வீணாச்சு எனக்கு. மாசம் ஒரு தடவ ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு தொடைங்க.

எல்லாம் முடிச்சதும் ஓசிலேட்டர அளக்காதீங்க, முதல்ல ஒரே சோர்ஸ ஸ்ப்ளிட்டர்ல பிரிச்சு ரெண்டு சானலுக்கும் குடுங்க. ஒரு பக்கம் ஆர்ஜி58 கேபிள் 3 மீட்டர் கூட போடுங்க, மீட்டருக்கு 5 நானோசெகண்ட்ங்கிறதால 15 நானோசெகண்ட் வித்தியாசம் காட்டணும், ரெண்டு எட்ஜும் ஒரே நேரத்துல வந்து மோதாம இருக்கவும் அது உதவும். ராத்திரி முழுக்க ஓட விட்டு ஆலன் டீவியேஷன் ப்ளாட் போடுங்க. டௌ (சராசரி எடுக்குற நேரம்) பத்து மடங்கு ஏறுனா கோடு பத்துல ஒண்ணா இறங்கிட்டே வரணும். எங்கயாவது படுத்துடுச்சுன்னா, இல்ல மேல திரும்புச்சுன்னா, அந்த டௌவ பாருங்க, நூத்துக்கணக்கான செகண்ட்னா டெம்பரேச்சர், பெட்டிய திரும்ப மூடிட்டு இன்னொரு ராத்திரி ஓட்டுங்க.