பலகை பிரித்த தூணில் எதைப் பார்ப்பது?

எங்கள் வீட்டின் கீழ்த்தளக் கான்கிரீட் தூண்களுக்கு, வார்ப்புக்காகக் கட்டிய பலகையைப் பிரித்தபோது நான் ஊரில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் போனேன். ஒன்பது தூண்களும் வழுவழுவென்று நின்றன; படம் எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாலையில் தண்ணீர் அடித்தபோதுதான், மூலைத் தூணின் அடியில் ஒரு முழ உயரத்துக்கு மட்டும் நிறம் வேறாகக் காய்வதைக் கவனித்தேன்.

அளவெடுப்பதும் தூக்குக்குண்டு விடுவதும் உங்களுக்கே தெரியும். நேராகப் பரப்புக்கு வருகிறேன்.

1. பிரிக்கும்போது உடன் இருங்கள். தூணின் பக்கப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456. கழற்றியவுடன் பரிசோதித்து, கான்கிரீட் நன்றாக இறுகும் முன் குறைகளைச் சரிசெய்யவும் அது சொல்கிறது. நம் மேஸ்திரிகள் பூசிச் சரிசெய்வதைத் தவறாமல் செய்கிறார்கள், பரிசோதனையைத்தான் விட்டுவிடுகிறார்கள். ‘நான் பார்க்கும்வரை பூசாதீர்கள்’ என்று முன்பே சொல்லிவையுங்கள்.

2. பொழுது சாய்ந்தபின் டார்ச்சைப் பரப்போடு ஒட்டிப் பிடித்து அடியுங்கள். கைப்பேசி விளக்கு எனக்குச் சரிவரவில்லை. மிளகு அளவுக் குழிகள் காற்றுக் குமிழ்கள், பூச்சில் மறைந்துவிடும். ஜல்லி ஜல்லியாக, இடையில் கலவை இல்லாமல் தெரிந்தால் அது தேன்கூடு. குறுக்கே ஒரு கோடு ஓடி, மேலும் கீழும் நிறம் மாறினால், வார்ப்பை நடுவில் நிறுத்தித் தொடங்கியிருக்கிறார்கள். கம்பி தெரிந்தால் மேற்கொண்டு படிக்காமல் பொறியாளரை அழையுங்கள்.

3. தட்டிப் பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். நிறம் வேறாகக் காய்ந்த அந்த மூலைத் தூணின் அடியில் சிறிய சுத்தியலால் தட்டினேன், கணீரென்றது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டேன். குறையை மறைத்துப் பூசிய பூச்சும், நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால், கணீரென்றுதான் ஒலிக்கும் என்று அப்போது தெரியாது. பொத்தென்று ஒலித்தால் கோளாறு உறுதி. கணீரென்றால் எதுவும் உறுதியில்லை.

மறுநாள் உளி வைத்துப் பூச்சைப் பெயர்த்தோம். உள்ளே வெறும் ஜல்லி. கட்டுக்கம்பித் துண்டு ஒன்றை நுழைத்து, நின்ற இடத்தில் நகத்தால் பிடித்து அளந்தேன்: 60 மி.மீ. தூணில் கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய மூடுகனமே 40 மி.மீ.தான். அதாவது ஓட்டை கம்பியைத் தாண்டிப் போயிருந்தது. இதற்குச் சிமெண்ட் பால் பூசுவது புண்ணுக்குப் பவுடர் போடுவதுதான். பொறியாளர் சொன்னபடி தளர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, கழுவி, மறுபடி பலகை கட்டி, மைக்ரோ கான்கிரீட் (இடுக்குகளில் ஓடி நிரம்பும் பழுதுபார்ப்புக் கலவை) ஊற்றினோம்.

தூணின் அடிதான் எப்போதும் மாட்டும் இடம். 1.5 மீட்டருக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி பிரிந்து முதலில் கீழே சேரும். பலகையின் அடி இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகிவிடும். அடுத்தபடியாக, கம்பி நெருக்கமான தூண்–பீம் சந்திப்பைப் பாருங்கள்.

4. விரிசலுக்குத் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். மற்ற இடம் வெளுக்கும்போது விரிசல் மட்டும் கறுப்பாக நிற்கும். அகலம் அளக்கும் பிளாஸ்டிக் அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கண் மதிப்பு உதவாது. சாதாரணச் சூழலில் 0.3 மி.மீ. வரை ஏற்கத்தக்கது. பீமின் முனையருகே சாய்வாக ஓடினால் அட்டையெல்லாம் வேண்டாம், பொறியாளரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: பூசி முடித்த பழைய தூணைத் தட்டினால் பொத்தென்கிறதே என்று ஒருவர் பின்னூட்டத்தில் பதறியிருந்தார். பெரும்பாலும் பூச்சு விட்டிருக்கும். ஓர் இடத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பதறலாம். இன்னொருவர் கேட்ட கறுப்புத் திட்டுகள் பலகையில் தடவிய பழைய என்ஜின் எண்ணெய். அதன் மேல் பூச்சு பிடிக்காது. கம்பித் தூரிகையால் தேய்த்து, லேசாகக் கொத்திவிட்ட பிறகு பூசச் சொல்லுங்கள்.