அடுக்களையில் நின்றால் வாசல் தெரியுமா? டிசைனை வீட்டுக்காரரிடம் சொல்லும் முறை

ஆர்க்கிடெக்சர் முடித்து ஊருக்கு வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு, பாளையங்கோட்டையில் 5 சென்ட் மனையில் ஒரு வீடு. லேப்டாப்பில் 42 ஸ்லைடு கொண்டுபோனேன். வெறும் அம்புக்குறிகளாக ஒரு ஸ்லைடு, ஏதோ வெளிநாட்டு மியூசியம் ஒன்று, 'உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான உரையாடல்' என்று பெரிய எழுத்தில் ஒன்று. வீட்டுக்கார அண்ணாச்சி மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, அதுவரை மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவருடைய அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அடுக்களைல நின்னா வாசலுக்கு யாரு வாரான்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. பிளானைப் புரட்டிப் பார்த்தால் தெரியாதுதான், நடுவில் நானே வைத்த மாடிப்படி மறைக்கிறது. அந்த வேலை கைக்கு வரவில்லை.

அந்த ஆச்சி கேட்டதுதான் கான்செப்ட். நாம் எதை வரைந்தாலும் அவர்கள் அதற்குள் நின்று, நடந்து, படுத்துத்தான் பார்ப்பார்கள். நம் வேலை அவர்களை அந்த வீட்டுக்குள் ஒரு நாள் நடமாட விடுவது. இதைச் சொல்ல எளிது, செய்யப் பழக எனக்கு நாலைந்து வருடம் ஆனது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு அந்த வருடங்களில் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், எதையும் வரைவதற்கு முன்னால், அவர்கள் இப்போது குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு டேப்போடு போங்கள். அடுக்களை எத்தனை அடி, கட்டில் போட்டது போக எவ்வளவு இடம் மிச்சம், கிரைண்டர் எங்கே இருக்கிறது, செருப்பு எங்கே கிடக்கிறது, எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பிளானை விரிக்கும்போது '16 அடிக்கு 11 அடி' என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "இப்ப இருக்கிற பட்டாசாலையை விட அகலத்துல ரெண்டடி கூட" என்று சொல்லுங்கள், உடனே ஒருவர் எழுந்து போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். சொற்களையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா (வராந்தா), பட்டாசாலை (ஹால்), இரண்டாங்கட்டு, அடுக்களை, வானவெளி (திறந்த முற்றம்), தட்டட்டி (மொட்டை மாடி), புறவாசல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. நாம் அதை 'டிரான்சிஷன் ஸ்பேஸ்' என்றும் 'கோர்ட்யார்டு' என்றும் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் புரியவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. சின்ன வயதில் கல்லிடைக்குறிச்சித் தெரு வீட்டில் வளர்ந்தவரிடம் "அந்த வானவெளிதான், இங்க கொஞ்சம் சின்னதா" என்றால் போதும். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அடுத்தது, கான்செப்டை ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிய வேண்டும். ஒவ்வொரு மனையிலும் ஒரு இடைஞ்சல் இருக்கும், அதற்கு நீங்கள் சொல்லும் பதில்தான் டிசைன். நம் ஊரில் பெரும்பாலும் அந்த இடைஞ்சல் மேற்கில் இருக்கிறது. ஆனி ஆடியில் சாரல் தென்காசி, குற்றாலத்தோடு நின்றுவிடும், திருநெல்வேலிக்கு வருவது காற்றுதான். மலைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. சாயங்கால வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் வருகிறது. திறந்தால் இரண்டும் வரும், மூடினால் இரண்டும் போகும். அப்படியானால் உங்கள் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "மேக்க இருந்து காத்து வரணும், வெயில் வரக்கூடாது, அதனால மேற்குச் சுவருக்கு வெளியே நாலடியில ஒரு தார்சா, அதுக்கு ஓட்டை விட்டு அடுக்குன செங்கல் ஜாலி, பட்டாசாலை அதுக்கு உள்ளே." இதைப் போனில் உங்கள் அம்மாவிடமோ, சைட்டில் கொத்தனாரிடமோ சொல்லிப் பாருங்கள். 'ஸ்பேஸ்' என்ற சொல் இல்லாமல் சொல்ல முடியவில்லை என்றால் டிசைன் இன்னும் வேகவில்லை, சந்திப்பைத் தள்ளிப் போடுங்கள்.

சரி, என்ன கொண்டுபோவது? ஏ3 தாள், கொஞ்சம் டிரேசிங் பேப்பர், தடித்த பேனா. கால் இன்ச்சுக்கு ஒரு அடி என்ற கணக்கில் வரைந்தால் 36-க்கு 60 அடி மனை, அதாவது ஏறக்குறைய 5 சென்ட், ஒரு ஏ3 தாளில் முழுதாக அடங்கிவிடும். கட்டில், பீரோ, கிரைண்டர், துணி காயப்போடும் கொடி எல்லாவற்றையும் அதே அளவில் வரைந்துவிடுங்கள், காலி அறையாக யாராலும் படிக்க முடியாது. தாளைத் தரையில் விரித்து, வடக்கு உண்மையிலேயே வடக்கே இருக்கும்படி திருப்பி வையுங்கள். சில்லறை விஷயமாகத் தெரியும், ஆனால் பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். "சூரியன் இந்தப் பக்கம்" என்று ஜன்னலைக் காட்டிச் சொல்லலாம்.

த்ரீடி படத்தை முதல் சந்திப்பில் காட்டாதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. காட்டினால் பேச்சு எலிவேஷனின், அதாவது வீட்டு முகப்பின், பெயின்ட் கலருக்குப் போய்விடும், திரும்பி வராது. இரண்டாம் சந்திப்பில் காட்டும்போதும் நம் ஊர்ப் படமாக இருக்கட்டும். ஒருமுறை நான் மென்பொருளில் கிடைத்த பைன் மரங்களையும் கோட்டுப் போட்ட மனிதர்களையும் அப்படியே விட்டுவிட்டேன். "இது எந்த ஊரு தம்பி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு வேப்பமரம், வாசலில் கோலம், ஒரு எக்ஸ்எல் வண்டி போதும். மாடியில் வரப்போகிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையும் மறைக்காமல் போடுங்கள். கட்டி முடித்த பிறகு "படத்துல இது இல்லையே" என்ற பேச்சு வராது.

நான் இப்போது நம்புவது சாக்பீஸைத்தான். அவர்கள் வீட்டுத் தட்டட்டிக்குக் கூட்டிப்போய், சந்தேகம் இருக்கிற அறையை மட்டும் நிஜ அளவில் வரைந்துவிடுவேன். போன வருடம் ஒரு வீட்டில் 7 அடி அகல அடுக்களை, இரண்டு பக்கமும் மேடை. தாளில் ரொம்ப அழகாக இருந்தது. சாக்பீஸால் வரைந்ததும் அந்த வீட்டு ஆச்சி உள்ளே போய் நின்றார். இல்லாத அடுப்பில் இல்லாத சட்டியைக் கிண்டினார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு எதிர் மேடையில் நிற்கச் சொன்னார். இரண்டு மேடையும் 2 அடி 2 அடி போனால் நடுவில் மிச்சம் 3 அடிதான். "இப்ப நீ சோத்துப் பானையத் தூக்கிட்டுத் திரும்பு" என்றார். மருமகள் திரும்பினார், முழங்கை ஆச்சியின் விலாவில் இடித்தது, இருவரும் சிரித்துவிட்டார்கள். ஒரு மேடை அங்கேயே போனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. இதைக் காலி மனையில் செய்யாதீர்கள். திறந்தவெளியில் கயிறு கட்டினால் எந்த அறையும் கோழிக்கூடு மாதிரிதான் தெரியும். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட மார்க்கிங் போட்ட அன்றைக்கு "இம்புட்டுத்தானா?" என்று போன் வராத வீடே இல்லை. அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாஸ்துவுக்கு வருவோம். வாதாடாதீர்கள், முதல் நாளே கேட்டுவிடுங்கள். மனையின் சரிவு, ரோட்டு மட்டம் மாதிரி அதையும் சைட்டின் ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டால் கோபம் வராது. கன்னிமூலையில் (தென்மேற்கு) பெரிய படுக்கையறை, அக்கினிமூலையில் (தென்கிழக்கு) அடுக்களை, ஈசானியத்தில் (வடகிழக்கு) பூஜை, இவற்றை வைத்துக்கொண்டே எவ்வளவோ செய்யலாம். மனையடி அளவு, அதாவது எத்தனை அடிக்கு என்ன பலன் என்று, பார்க்கிறவர்கள் சுவருக்கு உள்ளே உள்ள அளவைத்தான் பார்ப்பார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் வசதியாக 12 அடி என்று போட்டிருப்பீர்கள், அவர்கள் கணக்கில் 12 ஆகாது, 11 நல்லது. ஒரு அடிக்காக மொத்தப் பிளானும் ஆடும். அவர்கள் நம்புகிற ஜோசியரையோ ஆசாரியையோ சந்திப்புக்கே வரச் சொல்லிவிடுவது என் வழக்கம். நேரில் உட்கார்ந்தால் அவரும் வழி சொல்லுவார், பின்னால் தாள் மட்டும் போனால் சிவப்பு மையில்தான் திரும்பி வரும்.

யார் முடிவெடுப்பார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். போனில் பேசியவர் அண்ணாச்சியாக இருப்பார், பணம் துபாயில் இருக்கிற மகனுடையதாக இருக்கும், கடைசி வார்த்தை ஆச்சியுடையதாக இருக்கும். மூவரும் இல்லாமல் பேசினால் மூன்று முறை பேச வேண்டிவரும். மகனுக்கு வாட்ஸப்பில் வெறும் பிளானை அனுப்பாதீர்கள், குடும்பக் குரூப்பில் சுற்றி ஆறு திருத்தத்தோடு வரும். தாளில் விரல் வைத்து, வாசலில் நுழைந்து புறவாசலில் வெளியேறுவது வரை பேசிக்கொண்டே ஒரு இரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

செக்‌ஷன் (வீட்டை நெடுக வெட்டி உயரங்களைக் காட்டும் படம்) யாருக்கும் புரியாது என்று கல்லூரியில் சொன்னார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிறது. 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையோரம் இருந்தவர்கள் முதலில் கேட்பதே "தண்ணி வருமா?"தான். பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கறையைப் போட்டோ எடுத்து, ரோட்டிலிருந்து அதன் உயரத்தை அளந்து, செக்‌ஷனில் நீலக் கோடாகப் போடுங்கள். உங்கள் தரைமட்டம் அதற்கு மேலே எத்தனை அடி என்று அவர்களே எண்ணிக்கொள்வார்கள். வாசலுக்கு ஏன் ஐந்து படி என்று விளக்கவே வேண்டாம்.

பொருள் பற்றிப் பேச வேண்டுமென்றால் பொருளையே கொண்டுபோங்கள். குறைந்த செலவு வீடுகளுக்குப் பேர்போன ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் நிறையக் கட்டிக்காட்டிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறதே, செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் பொந்து விட்டு அடுக்குவது, 9 இன்ச் சுவரிலேயே ஏறக்குறைய கால்வாசிக் கல் மிச்சம், பொந்தில் நிற்கிற காற்று வெக்கையையும் குறைக்கும். இதை நான் வாயால் சொன்னபோதெல்லாம் "அப்ப உள்ள எலி வருமா?" என்றுதான் கேட்டார்கள். இப்போது பெயரையே சொல்வதில்லை. பத்துச் செங்கலை ஆட்டோவில் போட்டுக்கொண்டுபோய் வாசலில் அடுக்கிக் காட்டுகிறேன். மேஸ்திரியும் பக்கத்தில் இருந்தால் நல்லது, அவர் முகம் சுளித்தால் வீட்டுக்காரர் நிச்சயம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

செலவு, முதல் பத்து நிமிடத்தில் வரும். மழுப்ப வேண்டாம். மொத்தம் எத்தனை சதுர அடி, வானவெளியை எடுத்தால் எத்தனை, தார்சாவை ஒரு அடி குறைத்தால் எத்தனை என்று தாளின் ஓரத்திலேயே எழுதி வைத்திருங்கள். மூன்று டிசைன் கொண்டுபோய் "எது பிடிச்சிருக்கு" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர்கள் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டு எடுத்து நாலாவதாக ஒன்று கேட்பார்கள். ஒன்றைக் காட்டுங்கள், நீங்களே வேண்டாம் என்று தள்ளிய இன்னொன்றையும் காரணத்தோடு காட்டுங்கள்.

அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். அவர்கள் பேசாமல் தாளைப் பார்க்கும்போது நமக்குக் கை அரிக்கும், ஏதாவது விளக்கத் தோன்றும். விளக்காதீர்கள். "நல்லாருக்கு தம்பி, பாத்துட்டுச் சொல்லுதோம்" என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், எது இடிக்கிறது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். "இந்தக் கட்டிலைத் திருப்பிப் போட்டா என்ன?" என்று அவர்களுக்குள் சண்டை வந்தால் குடிவந்துவிட்டார்கள். சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் போகும்போது அதன் ஓரத்தில் பால் கணக்கு எழுதியிருக்கும், காப்பி டம்ளர் வைத்த வட்டம் இருக்கும், யாரோ பேனாவால் வடக்குச் சுவரில் ஒரு ஜன்னலும் வரைந்திருப்பார்கள். அது யார் வரைந்தது என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.