ஒரு படகு, ஒரு பூங்கா, ஒரு டிராம்: குழந்தைகளோடு ஹாங்காங்கில் நிதானமாக ஒரு நாள்

ஹாங்காங்கில் எங்கள் முதல் நாள் திட்டத்தில் ஐந்து இடங்கள் இருந்தன. மூன்றாவது இடத்தின் வாசலில் ஐந்து வயது மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வயது மகன் என் தோளில் அழுதபடியே தூங்கிப்போனான். அன்றிரவு பட்டியலைக் கிழித்துப் போட்டோம். மறுநாள் செய்ததைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். முதல் நாளைப் பற்றி மகளுக்கு இப்போது எதுவும் நினைவில்லை. இரண்டாம் நாளைப் பற்றி இன்னும் பேசுகிறாள்.

நீங்கள் கவ்லூன் பக்கம், சிம் சா சுய் பகுதியில் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

படி 1: முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

ஆக்டோபஸ் அட்டை வாங்கிப் பணம் ஏற்றி வையுங்கள். படகு, டிராம், மெட்ரோ, சிறு கடைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அட்டை போதும். மூன்று வயது முதல் பதினொன்று வரை உள்ளவர்களுக்குச் சிறுவர் அட்டை தனியாக உண்டு. மூன்றுக்குக் கீழே இருந்தால் கட்டணமே இல்லை.

ஸ்ட்ரோலர் எடுத்துப் போவதானால் ஒரே கையால் மடக்கக்கூடிய, எடை குறைந்த ஒன்றை எடுங்கள். இந்த ஊரில் பாதிச் சாலைகளை நடைபாலம் ஏறித்தான் கடக்க வேண்டும். லிஃப்ட் இருக்கும், ஆனால் நாம் நிற்கும் பக்கத்தில் இருக்காது.

கிழமையையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுவேலை செய்யும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள் ஆயிரக்கணக்கில், துறைமுகத்தின் எதிர்க்கரையில் ஹாங்காங் தீவில் உள்ள சென்ட்ரல் பகுதிக்கு வந்து, நடைபாலங்களில் அட்டை விரித்து அமர்ந்து தோழிகளோடு சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். பார்க்க மனதுக்கு இதமான காட்சிதான். ஆனால் ஸ்ட்ரோலர் தள்ள வழி இருக்காது. வார நாளாகப் பாருங்கள். மாதம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோடையின் புழுக்கம் சென்னைக்காரர்களையே திணறடிக்கும்.

படி 2: தாமதமாகக் கிளம்புங்கள்

ஹாங்காங் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. அங்கே ஒன்பதரை என்றால் குழந்தையின் உடம்புக்குக் காலை ஏழுதான். அந்த ஊர் ஏழு மணிக்கு எழுப்பினீர்கள் என்றால் விடியற்காலை நாலரைக்கு எழுப்பியதற்குச் சமம். அதன் பலனை நாள் முழுக்க அனுபவிக்க வேண்டியிருக்கும். அவர்களாக எழட்டும். பத்தரைக்கு அறையை விட்டுக் கிளம்பினால் போதும். இதே கணக்கு மாலையில் நமக்குச் சாதகமாகத் திரும்பும்.

சாப்பாட்டுப் பையில் ஒரு டப்பா தயிர்சாதம் இருக்கட்டும். எங்கள் பெட்டியில் சின்ன மின்சார குக்கர் எப்போதும் உண்டு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

படி 3: ஸ்டார் ஃபெரி

சிம் சா சுய் படகுத்துறை, பழைய ரயில் நிலையத்தின் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலையத்தை இடித்துவிட்டார்கள், 1915ஆம் ஆண்டின் அந்தக் கூண்டு மட்டும் தனியாக நிற்கிறது. சென்ட்ரல் செல்லும் படகில் ஏறுங்கள்.

பச்சையும் வெள்ளையுமான இந்தப் படகுகளை ஓட்டும் நிறுவனத்தின் தொடக்கம் ஒரு பார்சிக்காரருடையது. பம்பாயிலிருந்து போன தோராப்ஜி நவ்ரோஜி 1888இல் தொடங்கிய படகு நிறுவனம்தான் பிறகு ஸ்டார் ஃபெரி என்று பெயர் மாறியது.

பயணம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் குழந்தைகளுக்கு வேலை நிறைய. படகைத் திருப்பாமலே இரு திசைகளிலும் ஓட்டுவதால் இருக்கைகளின் முதுகுப்பலகையை முன்னும் பின்னும் தள்ளிப் போடலாம். மகள் நான்கு இருக்கைகளைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள். கரை நெருங்கும்போது மாலுமி உடையில் ஒருவர் நீண்ட கொக்கிக் கம்பால் கயிற்றை எடுத்துக் கட்டுவார். அதைப் பார்க்க வாசல் பக்கம் முன்கூட்டியே நகர்ந்து நில்லுங்கள்.

படி 4: இரண்டு சிங்கங்கள்

சென்ட்ரல் துறையிலிருந்து கூரை வேய்ந்த நடைபாலம் வழியே ஊருக்குள் நடக்கலாம். வழியில் வரும் ஐஎஃப்சி வணிக வளாகத்தில் கழிப்பறை வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள். எல்லா மெட்ரோ நிலையங்களிலும் கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இந்த ஊரில் டயாப்பர் மாற்ற வணிக வளாகங்களே கதி.

அடுத்து எச்எஸ்பிசி வங்கியின் தலைமையகம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், 1935இலிருந்து. வாய் பிளந்து கர்ஜிப்பவர் ஸ்டீபன், வாய் மூடி அமைதியாக இருப்பவர் ஸ்டிட். வங்கியின் மேலாளர்கள் இருவரின் பெயர்கள். போர்க்காலக் குண்டுத் தழும்புகள் இன்னும் தெரியும். "நம் வீட்டில் யார் ஸ்டீபன்?" என்று கேட்டேன். மகள் யோசிக்காமல் என்னைக் கைகாட்டினாள்.

படி 5: ஹாங்காங் பூங்கா

அங்கேயே கிழக்கே போகும் டிராமில் ஏறி, பசிபிக் பிளேஸ் வணிக வளாகத்தின் அருகே இறங்குங்கள். அந்த வளாகத்தின் வழியாக நகரும் படிக்கட்டுகள் பூங்காவுக்கே கொண்டுபோய் விடும். மேட்டில் ஏறி மூச்சு வாங்க வேண்டியதில்லை.

பழைய ராணுவக் குடியிருப்பின் இடத்தில் 1991இல் திறந்த பூங்கா இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அவசியம் பார்க்க வேண்டியது பறவைக்கூடம்: ஒரு சிறு பள்ளத்தாக்கையே வலைபோட்டு மூடி, மர உச்சிகளின் உயரத்தில் மரப்பாலம் அமைத்திருக்கிறார்கள். பறவைகள் நம் கண்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள். குளத்தில் ஆமைகளும் வண்ண மீன்களும் உண்டு. விளையாட்டுத் திடலும் இருக்கிறது.

இங்கே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். என் மகன் ஒரே ஆமையை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றான். ஆமையும் அசையவில்லை, அவனும் அசையவில்லை. நான் அந்த நேரத்தில் ஒரு காப்பி குடித்து முடித்தேன்.

படி 6: இரண்டு மணிக்குச் சாப்பாடு

ஒன்றிலிருந்து இரண்டு வரை அலுவலகக் கூட்டம் எல்லா உணவகங்களையும் நிறைத்துவிடும். இரண்டு மணிக்குப் போனால் நாற்காலி கிடைக்கும். குழந்தைகளுக்கும் அப்போதுதான் பசிக்கும். சைவம் சாப்பிடுபவர்கள், இறைச்சி, மீன், சிப்பிச் சாறு வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் போனில் சேமித்துக் காட்டுவது நல்லது. வெறும் கீரைப் பொரியலுக்கு மேலும் சிப்பிச் சாற்றை ஊற்றிவிடுவார்கள். கேட்டால் சுடுதண்ணீர் தயங்காமல் தருவார்கள். பால்மாவு கலக்க அதுவே போதும்.

படி 7: டிங் டிங்கில் மதியத் தூக்கம்

நாளின் சிறந்த பகுதி இதுதான். 1904இலிருந்து ஓடும் டிராமுக்கு, அதன் மணியோசையை வைத்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டிங் டிங். எல்லாமே இரட்டை மாடி வண்டிகள். பின்வாசலில் ஏற வேண்டும், முன்வாசலில் பணம் கட்டி இறங்க வேண்டும். ஸ்ட்ரோலரை ஏறும் முன்பே மடக்கிவிடுங்கள். நான் விரித்தபடியே ஏறி வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும், பின்னாலிருந்த ஒரு பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் அதை மடக்கிக் கையில் கொடுத்ததும் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நெற்றியில் 'நார்த் பாயின்ட்' என்று எழுதிய வண்டிக்காகக் காத்திருங்கள். மாடியில் முன் ஜன்னல் இருக்கை கிடைக்கும் வரை ஒன்றிரண்டு வண்டிகளை விட்டாலும் தவறில்லை. பழைய வண்டிகளில் குளிர்சாதனம் இல்லை. ஜன்னல் காற்றும் ஆட்டமும் சேர்ந்து தொட்டில்போல வேலை செய்யும். மகன் வான் சாய் தாண்டும் முன்பே மடியில் தூங்கிவிட்டான்.

கடைசி நிறுத்தத்துக்குச் சற்று முன் டிராம் சுன் யுங் தெருவுக்குள் திரும்பும். அது காய்கறி, மீன், பழக் கடைகள் நெருக்கியடித்த சந்தை. தண்டவாளத்தின் மேலேயே நடந்துகொண்டிருப்பவர்கள் மணி அடித்ததும் அவசரமே இல்லாமல் ஒதுங்குவார்கள். தக்காளி விற்பவரின் தலை நமக்குக் கீழே கையெட்டும் தூரத்தில் தெரியும். தூங்குகிறவனை இதற்கு எழுப்பலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. எழுப்பவில்லை.

படி 8: கடலுக்கு அடியில் திரும்புதல்

நார்த் பாயின்ட்டில் மெட்ரோ ஏறி, அட்மிரால்ட்டியில் மாறினால் அடுத்த நிலையமே சிம் சா சுய். காலையில் படகில் கடந்த அதே துறைமுகத்தை இப்போது தரைக்கு அடியில் கடக்கிறோம் என்று மகளிடம் சொன்னேன். மீன்கள் தெரியாததில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம்.

அறையில் குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்கு மணிக்கூண்டருகே கடற்கரை நடைபாதைக்கு வாருங்கள். எதிர்க்கரைக் கட்டடங்களில் ஒளிக்காட்சி பத்து நிமிடம் நடக்கும். பெரியவர்களுக்கு அது அப்படியொன்றும் பிரமாதமில்லை. குழந்தைகளுக்கோ உடம்புக் கணக்கில் அப்போது மாலை ஐந்தரைதான், துள்ளிக்கொண்டிருப்பார்கள். பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் "நம் படகு!" என்று மகள் கத்தினாள். உண்மையான படகு பின்னால் ஊதிக்கொண்டு போனதை அவள் கவனிக்கவே இல்லை.